தோற்றவன் பேசுகிறேன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் இயந்திரவியல் துறை, 2010ஆம் ஆண்டு அணி.)



இந்த மேடையில் எனக்கு முன்பு பேசிய மூவரில் ஒருவர் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார். மூன்றாமவர் அரசுப் பணியில் உயர்ந்த இடத்தில் இருக்கிறார். சங்கச் செயலாளர் போன மாதம் எனக்குப் போன் செய்து, "நீயும் பேசணும்டா" என்றபோது, "நான் என்னத்தைப் பேச? நான் தோத்தவன்" என்றேன். "அதைத்தான் பேசச் சொல்றேன். ஜெயிச்சவன் பேச்சு மலர்ல நிறைய இருக்கு" என்றார். ஆகவே இது ஒரு தோற்ற வேட்பாளரின் உரை. கைதட்ட வேண்டிய இடம் எதுவும் இதில் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022 பிப்ரவரி 19ஆம் தேதி நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நான் ஒரு வார்டில் சுயேச்சையாக நின்றேன். எனக்குப் பிறந்த ஊர் ராஜபாளையம். மாமனார் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் நடுவே தினமும் பைக்கில் அலைகிற ஆள் நான். எந்த ஊரில், எந்த வார்டில் நின்றேன் என்று இங்கே அச்சில் சொல்லப்போவதில்லை. ஜெயித்தவர் இன்று எனக்கு நண்பர். அவரைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேருக்கு அது தேவையில்லை.

நான் வாங்கிய ஓட்டு 87.

ஏழு பேர் நின்றோம். நான் ஐந்தாவது. ஆறாவதாக வந்தவர் பிரசாரத்துக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெபாசிட் 2,000 ரூபாய் போயிற்று. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் அது திரும்பக் கிடைக்கும். எனக்கு அந்தப் பங்கில் பாதிகூட வரவில்லை.

பெங்களூரில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 2020இல் ஊரடங்கு வந்தபோது அப்பாவுக்குத் துணையாக ஊருக்கு வந்தவன் நான். ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. தங்கிவிட்டேன். எங்கள் பகுதியில் குடிதண்ணீர் பெரிய பிரச்சினை. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குழாய் பீய்ச்சி அடிக்கும். கடைசித் தெருவில் நூல் மாதிரி வடியும். நடுவில் உள்ள வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். ஊரடங்கில் பொழுது போகாமல் ஒரு பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு 14 இடங்களில் அளந்து பார்த்தேன். பைப் லைனை வரைபடமாகப் போட்டேன். மூன்றாம் செமஸ்டரில் வரைபடத் தாளில் அரியர் வைத்தவன் போட்ட படம் என்றாலும், படம் நன்றாகத்தான் வந்திருந்தது. ரெண்டு வால்வு மாற்றி, தண்ணீர் திறக்கிற நேரத்தையும் மாற்றினால் கடைசித் தெரு வரைக்கும் தண்ணீர் போகும் என்பது என் கணக்கு.

அந்தப் படத்தை என் தேர்தல் நோட்டீஸின் பின்பக்கத்தில் அச்சடித்தேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாராவது இப்படிச் சிரித்திருந்தால் எனக்கு அச்சுக்கூலி மிச்சமாகியிருக்கும். எங்கள் தெரு முனைக் கடையில் அந்த நோட்டீஸில்தான் ரெண்டு வாரம் வடை மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறினதில் பைப் லைன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

வேட்புமனு வாபஸ் முடிந்து பிரசாரத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 12 நாள். நானும் நாலைந்து நண்பர்களும் வீடு வீடாகப் போனோம். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். "உன்னை மாதிரி படிச்ச பிள்ளைக வரணும்ப்பா" என்றார்கள். காபி கொடுத்தார்கள். நான் ராத்திரி வந்து கம்ப்யூட்டரில் எக்செல் தாளில் ஏற்றுவேன்: உறுதி, பாதி உறுதி, சந்தேகம். உறுதி என்ற கட்டத்தில் 212 பேர் இருந்தார்கள். 22ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். எங்கள் வார்டு எண்ணி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. 212இல் 87 போனால் மீதி 125. அந்த 125 பேரும் எனக்குக் காபி கொடுத்தவர்கள்.

தோல்வியைவிட அதற்குப் பின்னால் வந்த நாட்கள்தான் கஷ்டம். தேர்தலில் நின்று தோற்றால் நீங்கள் தினமும் நடக்கிற தெருவே உங்களை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். எதிரே வருகிற ஒவ்வொருவரையும், இவர் போட்டிருப்பாரா, இவர் போட்டிருக்க மாட்டார் என்று பார்க்கத் தோன்றும். அது ஒரு வியாதி. சொந்தச் சித்தப்பா வீட்டில் ஐந்து ஓட்டு. அதில் எத்தனை எனக்கு விழுந்தது என்று மூன்று நாள் கணக்குப் போட்டேன். மில்லுக்குச் சுற்றுப்பாதையில் போனேன். டீக்கடையை மாற்றினேன். "காசு குடுத்தாங்க, அதனாலதான் தோத்தேன்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். என் மனைவி ஒருநாள், "நாலாவதா வந்தவர் பத்துப் பைசா செலவழிக்கலையாமே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெங்களூரில் பழைய கம்பெனி நண்பனுக்குப் போன் போட்டு வேலை இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறது, வா என்றான். வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. ஏப்ரலில் கிளம்புவது என்று.

அந்தச் சமயத்தில்தான் நம் கல்லூரியில் எனக்கு வரைபடம் நடத்திய ஆசிரியர் போன் செய்தார். ஓய்வு பெற்றுவிட்டார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "டேய், எத்தனை ஓட்டு?" என்றார். சொன்னேன். "நம்ம ஊர்ல ஒரு முதலமைச்சரே தோத்திருக்காரு, உனக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாது. தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கை தூக்கச் சொல்லப்போவதில்லை.

பூ.ச. குமாரசாமி ராஜா. 1898 ஜூலை 8ஆம் தேதி ராஜபாளையத்தில் பிறந்தவர். பிறந்து சில நாட்களில் தாய் போய்விட்டார், சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரும் போய்விட்டார், பாட்டி வளர்த்த பிள்ளை. காங்கிரஸில் தீரர் சத்தியமூர்த்தியின் வழியில் வந்தவர். காமராஜரும் அதே பள்ளிதான். 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகிய பிறகு சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். 1950 ஜனவரி 26இல் குடியரசு வந்ததும் அதே நாற்காலிக்கு முதலமைச்சர் என்று பெயர் மாறியது. அதாவது, கடைசிப் பிரதமரும் அவர்தான், குடியரசில் முதல் முதலமைச்சரும் அவர்தான்.

அப்புறம் 1952 பொதுத்தேர்தல். அதற்கு முன் நடந்த தேர்தல்களில் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது தகுதி இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. முதன்முதலாக 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று வந்தது இந்தத் தேர்தலில்தான். சின்னத்தைப் பார்த்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அந்தப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சம்சாரி உள்ளே போய், முதலமைச்சரின் பெட்டியைக் கடந்து அடுத்த பெட்டியில் போட்டுவிட்டு வருகிறார். எல்லோருக்கும் ஓட்டு வந்த முதல் தேர்தலிலேயே, முதலமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் தோற்றார். பக்தவத்சலம் போன்ற அமைச்சர்களும் தோற்றார்கள். 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. ராஜாஜியைக் கூப்பிட்டு, மேலவைக்கு நியமித்து, 1952 ஏப்ரலில் முதலமைச்சராக்கினார்கள்.

இதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி காமராஜரை ஜெயிக்கவைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்து ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் முதலமைச்சராக இருந்து தோற்கிறார். இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.யாகி, அந்தப் பதவியில் இருக்கும்போதே 1954 ஏப்ரலில் முதலமைச்சராகிறார். சட்டமன்றத்துக்குக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று போகிறார்.

ஆசிரியர் சொன்னதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்துக்குப் போனேன். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அது குமாரசாமி ராஜா தம் வீட்டைக் கொடுத்து உண்டாக்கிய மன்றம் என்று அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது. தன்னைத் தோற்கடித்த காலத்து மனிதர்களுக்கே, படிக்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு இடம் வேண்டும் என்று சொந்த வீட்டைக் கொடுத்திருக்கிறார். நானோ 125 பேர் மேலே கோபித்துக்கொண்டு டீக்கடையை மாற்றியவன். 1954இல் அவரை ஒரிசா கவர்னராக்கினார்கள். 1956 வரை இருந்தார். 1957 மார்ச்சில் காலமானார். வயது 58. பெரிய பதவி திரும்பக் கிடைத்ததே, அதனால் அவரால் தோல்வியைத் தாங்க முடிந்தது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அந்த வீடுதான் பெரிதாகத் தெரிகிறது. கவர்னர் பதவி அடுத்தவர் கொடுத்தது. வீடு அவர் கொடுத்தது.

ஏன் தோற்றார்கள் என்று பார்த்தால், அப்போது சில ஆண்டுகளாக மழை சரியில்லை. அரிசிக்கு ரேஷன், கட்டுப்பாடு. வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆட்சியின் மற்ற நல்ல காரியம் எதுவும் கண்ணில் படாது. ராஜாஜி வந்ததும், 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

15 ஆண்டு கழித்து அதே கதை. 1967, விருதுநகர். அந்தத் தேர்தல் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர், அணை கட்டியவர், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், சொந்த ஊரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். 1965 மொழிப் போராட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அரிசி. ரூபாய்க்கு மூன்று படி என்று எதிர்த்தரப்பு சொன்னது சும்மா இல்லை, அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கவில்லை. 1952இலும் அரிசி, 1967இலும் அரிசி. இரண்டு நல்ல மனிதர்களையும் தோற்கடித்தது ஒரே பண்டம் என்பது என் அபிப்பிராயம். வரலாற்று ஆசிரியர்கள் இங்கே இருந்தால் திருத்தட்டும்.

காமராஜர் என்ன செய்தார்? 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. மார்ஷல் நேசமணி காலமானதால் வந்த தேர்தல். விருதுநகரில் 1,285இல் தோற்றவர், நாகர்கோவிலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971இலும் அங்கேயே ஜெயித்தார். அந்தத் தடவை அவருடைய கட்சியில் தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் போனவர் அவர் ஒருவர்தான். தனி ஆளாகப் போவதற்கும் மனத்தெம்பு வேண்டும்.

அந்தத் தரப்புக் கதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. 1962இல் தி.மு.க. 50 இடம் ஜெயித்தது. தலைவர் அண்ணா மட்டும் காஞ்சிபுரத்தில் தோற்றார். தொண்டன் ஜெயித்து, தலைவன் தோற்று, அந்தத் தொண்டர்களை அழைத்துவைத்துப் பேச வேண்டிய நிலை. அவர் மாநிலங்களவைக்குப் போய்ப் பேசினார், ஊர் ஊராகப் போனார், ஐந்தாண்டு கழித்து முதலமைச்சரானார். அண்ணல் அம்பேத்கர் 1952இல் பம்பாயில் தோற்றார், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மறுபடியும் தோற்றார். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவருக்கு அந்தச் சட்டம் தந்த ஓட்டே விழவில்லை. அதற்காக அவர் பேனாவை மூடி வைக்கவில்லை.

இவர்களெல்லாம் பெரியவர்கள், அவர்களோடு என்னை ஒப்பிட்டுப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குச் சரியான ஜோடி வேறொருவர். மணிப்பூரின் இரோம் ஷர்மிளா. 2000 முதல் 2016 வரை உண்ணாவிரதம் இருந்தவர். 2017இல் தௌபால் தொகுதியில் முதலமைச்சரை எதிர்த்து நின்றார். வாங்கிய ஓட்டு 90. எனக்கும் அவருக்கும் மூன்று ஓட்டுத்தான் வித்தியாசம். ஆனால் அவர் பதினாறு வருஷம் சாப்பிடாமல் இருந்தவர், நான் பன்னிரண்டு நாள் காபி குடித்துக்கொண்டு நோட்டீஸ் கொடுத்தவன். அந்த 90ஐ நினைத்த பிறகு என் 87 மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

(இன்னொரு விதமான ஆளும் உண்டு. மேட்டூரைச் சேர்ந்த பத்மராஜன் 1988இலிருந்து 200 தேர்தலுக்கு மேல் நின்று எல்லாவற்றிலும் தோற்றிருக்கிறார். தோற்பதற்காகவே நிற்கிறார். அந்த வழி எனக்கு வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.)

சரி, பெங்களூர் போகாமல் ஏன் இங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். கலை மன்றமும் காமராஜரும் மனதை ஆற்றினார்கள், உண்மைதான். என்னை நிறுத்தி வைத்தவர் கடைசித் தெருவில் இருக்கிற ஒரு பெரியம்மா. உறவு கிடையாது, தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். மார்ச் மாதம், தேர்தல் முடிந்து மூன்று வாரம் இருக்கும், என் சுற்றுப்பாதையிலேயே எதிரே வந்துவிட்டார். கையில் காலிக் குடம்.

"ஏய்யா, எலெக்சன்ல தோத்தா தெருவுக்குள்ள நடக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"அப்படியெல்லாம் இல்ல பெரியம்மா. வேலை."

"அந்தத் தண்ணிப் படம் ஒண்ணு போட்டு வச்சிருந்தியே, அதை என்ன செஞ்ச?"

"நான்தான் தோத்துட்டேனே பெரியம்மா."

"நானும் உனக்குப் போடலய்யா. அதுக்காக எனக்குத் தண்ணி வேண்டாமா?"

என் உறுதிப் பட்டியலில் அவர் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டது நல்லதாயிற்று. ஒளிக்காமல் சொன்னார். பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரியில், ஜெயித்தவரின் அண்ணன்தான் ஆட்டோ பிடித்து, மதுரைக்கு அனுப்பி, கூடவே ரெண்டு நாள் இருந்தாராம். அது ஆறு வருஷத்துக்கு முன்னால். "நீ நல்ல பிள்ளைதான்ய்யா. ஆனா நீ அப்ப எங்க இருந்த?"

நான் அப்போது பெங்களூரில் இருந்தேன்.

காசு வாங்கி ஓட்டுப் போட்டார்கள் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். காசு விளையாடவில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு ஓட்டு ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியில் விழுந்த ஓட்டு. நான் 12 நாளில் கேட்டது, இன்னொருவர் ஆறு வருஷத்தில் சம்பாதித்ததை. மற்ற 124 பேரிடமும் இப்படி ஏதாவது இருக்கும். அதை எக்செல் தாளில் போட ஒரு கட்டம் கிடையாது. பெங்களூர் நண்பனுக்கு அன்றிரவு போன் செய்து, வரவில்லை என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய சாதனை எதுவும் இல்லை. முதல் வேலையாகத் தண்ணீர் திறந்து விடுகிற அண்ணனோடு உட்கார்ந்து டீ குடித்தேன். 14 இடத்தில் கேஜ் வைத்து அளந்த நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்! என் படத்தைப் பார்த்தார். விரலை ஒரு இடத்தில் வைத்து, "இங்க ஒரு வால்வு இருக்குல்ல, அதை நீங்க போடலையே" என்றார். எனக்குத் தெரியவே தெரியாது. மேலே மேலே ரோடு போட்டதில் அதன் மூடி புதைந்துவிட்டது. பாதி மூடிய நிலையில் இறுகிப்போன வால்வு. கடைசித் தெருவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது அதுதான். என் திட்டப்படி ரெண்டு புது வால்வு போட்டிருந்தால் காசுதான் செலவாகியிருக்கும், தண்ணீர் வந்திருக்காது. 87 பேர் தவிர மற்றவர்கள் புத்திசாலிகள் என்று தோன்றியது.

அதைத் தோண்டி மாற்றக் கேட்டு மனு கொடுத்தோம். "தோம்" என்று பன்மையில் சொல்கிறேன். பெரியம்மாவும் தெருவில் 30 வீடும் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போட்டேன். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். கிராம சபை மாதிரி, வார்டுக்குள்ளேயே மக்கள் உட்கார்ந்து பேசுகிற கூட்டம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தது. வார்டு அளவில் மக்கள் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி போட இவ்வளவு நாளாயிற்று. கூட்டத்துக்கு நான் போனேன். என்னைத் தோற்கடித்த கவுன்சிலர் எதிரே உட்கார்ந்திருந்தார். கால் கூசியது என்பதை மறைக்கவில்லை. நான் எழுந்து படத்தைக் காட்டிப் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "இதை நீங்க எலெக்சனுக்கு முன்னாடியே எங்கிட்டக் குடுத்திருக்கலாமே" என்றார். "அப்ப உங்களைத் தோற்கடிக்கிற வேலையில இருந்தேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்கப்புறமும் பதினான்கு மாதம் ஆயிற்று. வால்வு மாற்றியாயிற்று. கடைசித் தெருவில் இப்போது குடம் நிறைகிறது. முழுசாக இல்லை, மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்கடைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அதற்கும் ஒரு படம் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை முதலில் துப்புரவுப் பணியாளர்களிடம் காட்டிவிட்டு.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்லலாம் என்று இருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? ஹாஸ்டலில் இருப்பவர்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். முன்பு ஜனவரி 1இல் 18 முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022இலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கு. 17 வயதிலேயே முன்கூட்டி 6ஆம் எண் படிவம் கொடுத்து வைக்கலாம். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த மேடையில் அதைச் சொன்னால் செயலாளர் மைக்கைப் பிடுங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் தெருத்தெருவாகப் போகிறோம், பட்டியலில் விட்டுப்போனவர்களைச் சேர்க்க. வரைபடம் போடத் தெரிந்தவர்கள், முக்கியமாக அரியர் இல்லாதவர்கள், வந்தால் உதவியாக இருக்கும்.

நிற்பாயா மறுபடியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை. நிற்கத்தான் ஆசை. ஆனால் நோட்டீஸின் பின்பக்கம் இந்தத் தடவை காலியாக இருக்கும், வடைக்கடைக்காரர் ஏமாந்து போவார்.

போன வாரம் பெரியம்மாவிடமே கேட்டேன். "அடுத்த தடவையாவது எனக்குப் போடுவீங்களா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "தண்ணி வருதுல்ல, பாப்பம்யா" என்றார்.

பட்டியலில் அவரைச் சந்தேகம் என்ற கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.